எந்த மொழி நல்ல மொழி? ஓப்பன் சோர்ஸ் நிரல்மொழிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழிலேயே நடந்த நேரடிக் கலந்துரையாடல் ஒன்றில் நான்கு பேர் தாங்கள் எழுதும் ஓப்பன் சோர்ஸ், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், நிரல்மொழிகளை ஒப்பிட்டுப் பேசினார்கள். தரவுப் பணியில் பைத்தான் எழுதுபவர் ஒருவர். வங்கியில் ஜாவா எழுதும் அக்கா ஒருவர். சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்கு இணையத்தளம் செய்துகொடுக்கும் பிஎச்பி அண்ணன் ஒருவர். நான்காமவர் சர்வர் பக்கம் கோ, ரஸ்ட் இரண்டையும் எழுதும் தம்பி. நான் நெறியாளர். நேரம் போதாமல் விட்டுப்போன கேள்விகள், பிறகு வாட்ஸ்அப்பில் வந்தவை, டீ குடிக்கும்போது மடக்கிக் கேட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. பதில்களில் அவர்கள் சொன்னதும் உண்டு, என் கருத்தும் உண்டு.

கடைசியில் எது ஜெயித்தது?

எதுவும் இல்லை. ஓட்டெடுப்பு வையுங்கள் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது, நான் வைக்கவில்லை. கை தூக்கச் சொன்னால் அவரவர் சம்பளம் வாங்கும் மொழிக்குத்தான் தூக்குவார்கள். மொழியை எடைபோட என்னிடம் இருப்பது ஒரே கேள்வி: இன்று எழுதும் நிரல் பத்து வருஷம் கழித்தும் ஓடுமா, ஓடாவிட்டால் அதை முடிவு செய்தது யார்? வேகம், அழகு, சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, வேகத்தில் எது முதலிடம்?

வெறும் கணக்குப்போடும் வேகம் என்றால் ரஸ்ட், சி, சி++ முன்னால் நிற்கும். கோவும் ஜாவாவும் அடுத்து. பைத்தான் வெகு பின்னால். இதைப் பைத்தான்காரரே முதலில் ஒப்புக்கொண்டுவிட்டதால் சண்டை சுவாரஸ்யமில்லாமல் முடிந்தது.

ஆனால் அவர் ஓர் உதாரணம் சொன்னார். 2016இல் நம் வட்டப் பாதை ரயில்கள் காரணமே தெரியாமல் அடிக்கடி அவசர பிரேக் போட்டு நின்றது நினைவிருக்கும். அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் தரவு விஞ்ஞானிகள் சம்பவப் பதிவுகளை எடுத்து, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தத் திசையில் போன ரயில் நின்றது என்று வரைந்து பார்த்தார்கள். நின்ற ரயில்களில் கோளாறு இல்லை. எதிர்த் தண்டவாளத்தில் அவற்றைக் கடந்துபோன ஒரே ரயில், பிவி46, சிக்னலைக் குழப்பிக்கொண்டிருந்தது. அந்த ஆய்வு நடந்தது பைத்தானிலும், அதற்கான பாண்டாஸ் என்ற லைப்ரரியிலும் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) தான். அங்கே கணினிக்கு எத்தனை நொடி ஆனது என்று யாரும் கவலைப்படவில்லை. யோசித்ததை உடனே எழுதிப் பார்க்க முடிந்ததுதான் முக்கியம். பைத்தானில் கனமான கணக்குகளைச் செய்யும் லைப்ரரிகள் பெரும்பாலும் உள்ளே சி மொழியில் எழுதப்பட்டவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவெல்லாம் லட்சக்கணக்கான கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் சர்வர் என்றால் கதை வேறு. சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் டாக்கரும் குபர்னெட்டீஸும் கோ மொழியில் எழுதப்பட்டது சும்மா இல்லை.

தமிழ் எழுத்துகளைக் கையாள்வதில் எது சிறந்தது?

அன்றைக்கு அரங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது இந்தக் கேள்விக்குத்தான். பேச்சாளர்களைத் திரையில் ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னோம்: ‘சிங்கப்பூர்’ என்று தட்டி, அதன் நீளம் என்ன என்று அவரவர் மொழியிடம் கேட்க வேண்டும்.

பைத்தான் 11 என்றது. ஜாவாவும் 11. பிஎச்பி 33. கோ 33, ரஸ்ட்டும் 33. பக்கத்தில் அமர்ந்திருந்த ஐபோன் செயலி எழுதும் ஒருவர் தன் மடிக்கணினியில் ஸ்விஃப்டில் போட்டுப் பார்த்து 6 என்று கத்தினார். சி, ங், க, ப், பூ, ர். தொடக்கநிலைப் பிள்ளை எண்ணினாலும் ஆறுதான்.

மற்ற இரண்டு எண்களும் தவறு என்று சொல்ல முடியாது. எண்ணப்பட்ட பொருள்தான் வேறு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் உயிர்மெய் ஒற்றைக் குறியீடாக இல்லை. ‘சி’ என்பது சகரமும் இகரக் கொக்கியுமாக இரண்டு. ‘ங்’ என்பது ஙகரமும் புள்ளியுமாக இரண்டு. அப்படி எண்ணினால் 11. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும், எனவே 33. யூடிஎஃப்-8 முறையை 1992இல் வகுத்த கென் தாம்சனும் ராப் பைக்கும்தான் பின்னாளில் ராபர்ட் கிரீஸ்மருடன் சேர்ந்து கோ மொழியை வடிவமைத்தார்கள். அதனால் கோ பைட்டாக எண்ணுவதில் வியப்பில்லை.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்றால், படிவத்தில் ‘பெயர் 20 எழுத்துக்குள்’ என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் 20 என்பது தமிழில் பத்துப் பன்னிரண்டு எழுத்தாகச் சுருங்கிவிடும். பைட்டாக எண்ணினால் அதிலும் மூன்றில் ஒரு பங்குதான். சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லிப் பார்த்தோம். பைத்தான் ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாத ஒரு புள்ளியில் தொடங்கி ‘ரூப்பக்ஙிச’ என்று கொடுத்தது. கொக்கி அடுத்தவர் தலையில் போய் மாட்டிக்கொண்டது.

தீர்வு எல்லா மொழியிலும் இருக்கிறது, தேடிப் போக வேண்டும். பிஎச்பியில் இன்டில் நீட்சியின் கிராஃபீம் செயல்கூறுகள் (கிராஃபீம் என்றால் நாம் ஒன்றாக எண்ணும் முழு எழுத்து). ரூபியில் கிராஃபீம் கிளஸ்டர்ஸ் உள்ளேயே உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் செக்மென்டர். ரஸ்ட்டுக்கு யூனிகோட் செக்மென்டேஷன் என்ற தனி லைப்ரரி. பைத்தானுக்கு ஓப்பன்-தமிழ் என்ற லைப்ரரியைத் தமிழர்களே செய்து வைத்திருக்கிறார்கள். ‘க்ஷ’ போன்ற கூட்டெழுத்து வந்தால் பொதுவான முறைகள் அதை இரண்டாகத்தான் எண்ணும் என்பதையும் மறக்காதீர்கள்.

பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் தாறுமாறாக வருகிறதே?

வரும். யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. றகரம் ரகரத்தை அடுத்து. ளகரம் ழகரத்துக்கு முன்னால். அந்த எண் வரிசையில் அடுக்கினால் ‘கனவு’ முன்னால் வந்து ‘கப்பல்’ பின்னால் போகும். நம் அகராதியில் நேரெதிர். வெறும் சார்ட் கட்டளையை நம்பாமல் ஐசியூ என்ற யூனிகோட் லைப்ரரி அடிப்படையிலான கொலேட்டரை, அதாவது மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் கருவியை, தமிழ் என்று குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி மூன்றுக்கும் அது கிடைக்கிறது. பைத்தானுக்கு பைஐசியூ நிறுவ வேண்டும்.

பதிப்பு மாறினால் பழைய நிரல் ஓடுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஒரு கும்பிடு. மொழிகளின் குணம் தெரிவது இங்கேதான்.

பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பழைய நிரல்கள் அப்படியே ஓடாது என்று தெரிந்தே வெளியிட்டார்கள். பைத்தான் 2க்கு ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1ஆம் தேதி. நடுவில் போன பதினொரு வருஷமும் உலகம் முழுக்க இரண்டு பைத்தானையும் வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். அந்த உடைப்புக்கு முக்கியக் காரணம் எழுத்துகள்தான். பைத்தான் 2இல் சாதாரண எழுத்துச்சரம் வெறும் பைட் வரிசை. அங்கே ‘சிங்கப்பூர்’ 33. பைத்தான் 3இல் எல்லாச் சரமும் யூனிகோட். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவர்களுக்கு அது தேவையில்லாத தலைவலியாகப் பட்டிருக்கலாம். தமிழில் எழுதுகிறவன் என்ற முறையில் நான் அந்தத் தலைவலியை வரவேற்கிற கட்சி.

பிஎச்பியும் அதே மாற்றத்துக்கு முயன்றது. பிஎச்பி 6 முழுக்க யூனிகோடாக வரப்போகிறது என்றார்கள். வேலை இழுத்துக்கொண்டே போய் 2010இல் கைவிட்டார்கள். அதனால்தான் 5க்குப் பிறகு நேராக 7 வந்தது, 2015 டிசம்பரில். இன்றும் அதன் அடிப்படைச் செயல்கூறு 33 என்று சொல்வதற்கு அந்தத் தோல்விதான் காரணம். பிஎச்பி அண்ணன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஆனா பழைய கடைத் தளமெல்லாம் பெரிசா ஒடையாம ஓடுதுல்ல!” அவர் சொல்வதில் நியாயம் உண்டு.

கோ வேறு வழி. 2012 மார்ச்சில் முதல் பதிப்பு வந்தபோதே, 1 என்று தொடங்கும் பதிப்புகள் முழுக்கப் பழைய நிரல் ஓடும் என்று வாக்குக் கொடுத்தார்கள். பல தரவு வகைகளுக்கும் ஒரே நிரலை எழுதவிடும் ஜெனெரிக்ஸ் வசதியைச் சேர்க்கப் பத்து வருஷம், 1.18 வரை, இழுத்ததற்கு அந்த எச்சரிக்கையும் ஒரு காரணம். ரஸ்ட் இதற்கு எடிஷன் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது: 2015, 2018, 2021, 2024. பழைய எடிஷனில் எழுதிய லைப்ரரியும் புதிய எடிஷனில் எழுதிய நிரலும் ஒரே கம்பைலரில் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கருவி) ஒன்றாகச் சேரும். நால்வர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

பெர்ல் செத்துவிட்டதா?

இல்லை. 1987இல் லாரி வால் வெளியிட்ட மொழி இன்னமும் ஏராளமான லினக்ஸ் கணினிகளில் சத்தமில்லாமல் இருக்கிறது. 2000இல் அறிவித்த பெர்ல் 6 ஒரே இழுபறியாகி, 2019இல் ராக்கு என்று பெயர் மாற்றித் தனிமொழியாகப் பிரிந்தது. பெர்ல் 5 தன் பாட்டுக்குப் புதிய பதிப்புகளோடு போகிறது. புதிதாகப் படிக்கச் சொல்ல மாட்டேன். ஆபீசில் பழைய பெர்ல் நிரல் இருந்தால் பயப்படாதீர்கள்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் எல்லாம் இலவசம்தானே? பிறகு ஏன் ஜாவாவுக்குப் பணம் கேட்கிறார்கள்?

மொழி ஒன்று, அதைக் கட்டி விநியோகிப்பவர் இன்னொருவர். ஜாவாவின் மூலநிரல் ஓப்பன்ஜேடிகே என்ற பெயரில் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் இருக்கிறது. ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் அதைத் திறந்துவிடத் தொடங்கியது 2006இல். அதே மூலநிரலிலிருந்து ஆரக்கிள் தன் ஜாவாவைக் கட்டித் தருகிறது; அமேசான் கொரெட்டோ என்றும், எக்லிப்ஸ் அமைப்பு டெமுரின் என்றும் தருகின்றன. பின்னவை இரண்டும் இலவசம். ஆரக்கிளின் சந்தா 2023 ஜனவரியிலிருந்து நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. ஜாவா எழுதுபவர் மூன்று பேராக இருந்தாலும் வரவேற்பு மேசையில் இருப்பவரும் கணக்கில் வருவார். ஜாவா அக்கா சொன்னது நேரானது: “எந்தக் கடையில இருந்து டவுன்லோட் பண்றோம்னு முதல்ல பாருங்க.”

உரிமத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது, சாவி யார் கையில் என்பது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் ஒரு சின்ன இலக்கணச் சேர்க்கை பற்றிய சண்டையில் சலித்துப்போய் 2018 ஜூலையில் தலைமையை விட்டு விலகினார். அதற்குப் பிறகு ஐந்து பேர் கொண்ட குழுவை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைச் செய்யும் மொஸில்லாவில் வளர்ந்த ரஸ்ட்டுக்கு 2021இல் தனி அறக்கட்டளை வந்தது. பிஎச்பிக்கும் அதே ஆண்டு நவம்பரில் அறக்கட்டளை அமைந்தது. பிஎச்பி மூலநிரலில் பெரும்பகுதியைத் தாங்கிய நிக்கிதா போபோவ் வேறு வேலைக்குப் போகிறார் என்றதும்தான் எல்லோருக்கும் உறைத்தது. கோ இன்றும் பெரும்பாலும் கூகுள் ஊழியர்கள் கையில். ஜாவாஸ்கிரிப்டின் இலக்கணத்தை எக்மா என்ற தர அமைப்பின் குழு ஒன்று பார்த்துக்கொள்கிறது. ஆனால் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற வணிகப் பெயர் பதிவாகியிருப்பது ஆரக்கிள் பெயரில். இதைக் கேட்டு அரங்கில் பாதிப்பேர் போனை எடுத்துச் சரிபார்த்தார்கள்.

உங்கள் நிரலை விற்கலாமா என்றால், விற்கலாம். மொழியின் உரிமம் அதைத் தடுக்காது. நீங்கள் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரிகளின் உரிமத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

லைப்ரரிகளை இஷ்டத்துக்குச் சேர்ப்பது ஆபத்தா?

ஆபத்துதான், எந்த மொழியாக இருந்தாலும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி ஜாவாஸ்கிரிப்ட் பொதியை எழுதியவர் எடுத்துவிட்டார். உலகெங்கும் நிரல்கள் கட்டமுடியாமல் நின்றன. 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பதிவெழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரிக்குள் யாரோ நுழைத்த பின்கதவை, எஸ்எஸ்எச் இணைப்பு (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தார். குறைவாகச் சேருங்கள், சேர்த்தவற்றின் பதிப்பைப் பூட்டி வையுங்கள்.

சிங்கப்பூர் அரசாங்கம் எதைப் பயன்படுத்துகிறது?

ஒரே மொழி இல்லை. வெளியே தெரிந்தவற்றைச் சொல்கிறேன். கொவிட் தொடர்புகளைத் தடமறியும் டிரேஸ்டுகெதரின் மூலநிரலை 2020இல் ஓப்பன்டிரேஸ் என்ற பெயரில் வெளியிட்டபோது ஆண்ட்ராய்டு செயலி கோட்லினில், ஐபோன் செயலி ஸ்விஃப்டில், சர்வர் பகுதி டைப்ஸ்கிரிப்டில் இருந்தது. நாமெல்லாம் நிரப்பும் ஃபார்ம்எஸ்ஜி படிவங்களின் மூலநிரலும் திறந்தே இருக்கிறது, அதுவும் டைப்ஸ்கிரிப்ட். அன்றைய பிரதமர் லீ சியன் லூங் 2015இல் தாம் எழுதிய சுடோக்கு நிரலைப் பொதுவில் வைத்தாரே, அது சி++.

என் மகள் உயர்நிலை இரண்டு. எதில் தொடங்கலாம்?

பைத்தான். ஓ லெவல் கணினிப் பாடமும் அதில்தான் இருக்கிறது, பள்ளியிலும் உதவும். இணையப் பக்கம் செய்யத்தான் ஆசை என்று அவளே சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட்டில் விடுங்கள், தடுக்க வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் முதலாண்டு மாணவர்களுக்கான ஒரு பாடத்தில் சோர்ஸ் என்ற மொழியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கிச் செய்தது. எனவே அது பெரியவர்கள் படிக்காத மொழி என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே சமயத்தில் மட்டும் தொடங்கவிடாதீர்கள்.

எனக்கு 45 வயது, கிடங்கு மேலாளர். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தில் எதைப் படிக்கலாம்?

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன்பயிற்சித் திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதம் வந்த 4,000 வெள்ளி எல்லா வகுப்புக்கும் செல்லாது, பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சாளர்கள் நால்வரும் உங்களுக்கு ஒரே பதிலைச் சொன்னார்கள்: வேலையை விட்டுவிட்டு நிரலாளர் ஆவதற்காகப் படிக்காதீர்கள், கிடங்கில் எக்செல் தாளோடு மல்லுக்கட்டும் வேலையைப் பைத்தானில் செய்யப் படியுங்கள். சரக்கு வரவு செலவு உங்களுக்குத் தெரியும். அது வகுப்பில் கிடைக்காத பாதி. கூடவே, தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் எஸ்கியூஎல் கொஞ்சம்.

ரஸ்ட் படித்தால் வேலை கிடைக்குமா?

முதல் மொழியாக வேண்டாம். நினைவகத்தை நிரலின் எந்தப் பகுதி வைத்திருக்கிறது, எந்தப் பகுதி கடன் வாங்கியிருக்கிறது என்று கம்பைலர் கேட்டுக்கேட்டு உயிரை எடுக்கும். ஏற்கெனவே சி அல்லது கோ எழுதுபவராக இருந்தால் அந்தக் கேள்விகளின் அருமை தெரியும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து ரஸ்ட் இடம்பிடித்துவிட்டது.

தமிழிலேயே நிரல் எழுத முடியாதா?

முடியும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற ஓப்பன் சோர்ஸ் மொழி பைத்தானின் மேல் கட்டப்பட்டது. அதில் அச்சிட ‘பதிப்பி’. நிபந்தனையை முதலில் எழுதி அதன் பிறகு ‘ஆனால்’ போட வேண்டும். நாம் பேசுகிற வரிசையே அதுதான். சிறு பிள்ளைகளுக்கு நிரலாக்கத்தின் போக்கைக் காட்ட நன்றாக இருக்கும்.

மற்ற மொழிகளில் கட்டளைகள் ஆங்கிலமாக இருந்தாலும் மாறிகளின் பெயரைத் தமிழில் வைக்கலாம். பைத்தான் 3, ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட் மூன்றும் ‘தொகை’ என்ற பெயரை ஏற்கும். கோ ஏற்காது. அதன் இலக்கணப்படி பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். நம் கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாம் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. ‘வட’ என்றால் சரி, ‘வடை’ என்றால் பிழை. போதாததற்கு, ஒரு பொதியிலிருந்து வெளியே தெரிய வேண்டிய பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது கோவின் விதி. தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? கோ தம்பியிடம் இதைக் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை.

ஏஐ எழுதித் தருகிறதே, இனி எதற்கு மொழி படிக்க வேண்டும்?

எழுதித் தரும். தமிழ்ப் பெயரின் நீளத்தைச் சோதிக்கச் சொன்னால் அதுவும் பெரும்பாலும் 11 வரும் வழியைத்தான் எழுதும், ஏனென்றால் பொதுவெளியில் உள்ள நிரல்கள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 6 வர வேண்டும் என்று தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நிரல் எழுதத் தெரியாது. நான் இந்த மொழிகளுக்கு ஏதாவது பங்களிக்க முடியுமா?

தாராளமாக. ஆவணங்களைத் தமிழாக்கலாம். பிழைகளைப் பதிவு செய்யலாம். தமிழில் சோதிப்பவர்கள் குறைவு என்பதால் நீங்கள் பார்க்கும் பிழையை வேறு யாரும் பார்த்திருக்காமலும் போகலாம். பதியும்போது நான்கைத் தவறாமல் கொடுங்கள்: தட்டிய சொல், நீங்கள் எதிர்பார்த்த விடை, வந்த விடை, மொழியின் பதிப்பு எண். திரையைப் படம் பிடித்து ஒட்டுவதோடு, சொல்லை எழுத்தாகவும் ஒட்டுங்கள்; படத்திலிருந்து யாராலும் நகலெடுத்துச் சோதிக்க முடியாது. ‘தமிழ் வரல’ என்று மட்டும் எழுதினால் மூன்றாம் நாள் அந்தப் பதிவை மூடிவிடுவார்கள்.